ஒன்பது மணி கேட்

மைசூரில் வேலை பார்க்கிற தமிழ், மலையாளக் கூட்டத்துக்குப் பொதுவாக ஒரு புலம்பல் உண்டு. அப்ரைசல், வீட்டு ஓனர், அட்வான்ஸ் எல்லாம் அதற்கு அப்புறம்தான். வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஆனால் ஆபீஸ் பார்க்கிங்கில் இதே பேச்சுதான்: "ஒன்பது மணிக்குள்ள கேட்டைத் தாண்டிடலாமா?"

கேட் என்றால் வனத்துறை செக்போஸ்ட். மைசூரிலிருந்து தெற்கே ஊருக்குப் போகிற எந்த வழியும் காட்டைத் தொடாமல் போகாது. குண்டல்பேட்டையில் ரோடு இரண்டாகப் பிரியும். ஒன்று பந்திப்பூர், முதுமலை வழியாக கூடலூர், ஊட்டி. இன்னொன்று மூலேஹொளே, முத்தங்கா வழியாக சுல்தான் பத்தேரி. கிழக்கே சாம்ராஜ்நகர் வழியாகப் போனால் திம்பம் மலைப்பாதை, 27 கொண்டை ஊசி வளைவு, பண்ணாரி, சத்தியமங்கலம். என்னைப் போலத் தூத்துக்குடிப் பக்கம் போகிறவனுக்கு இந்தத் திம்பம்தான் வழி. எச்.டி.கோட்டை, பாவலி வழியாக மானந்தவாடி போகிற ரோடும் உண்டு. நாலும் ராத்திரியில் மூடிவிடும். மானந்தவாடி ரோடு இன்னும் சீக்கிரம், சாயங்காலம் ஆறு மணிக்கே.

புலம்பல்களை வகை பிரித்தால் சுமாராக இப்படி வரும். ஒன்று, "நேஷனல் ஹைவே, நம்ம வரிப்பணம், நம்மளையே நிறுத்துறாங்க." இரண்டு, "ஒன்பது அஞ்சுக்குப் போனேன், விடவே மாட்டேன்னுட்டான்." மூன்று, "ரோட்டோரமா ரெண்டு நிமிஷம் வண்டிய நிறுத்தினதுக்கு ஆயிரம் ரூபாய் ஃபைன்." நான்கு, "பெரிய ஆளுங்க போனா கேட் தானா திறக்குது." புல்லட் கோஷ்டிக்குத் தனியாக ஒன்று உண்டு: "காட்டுக்குள்ள மண்ரோடு எவ்ளோ நல்லா இருக்கு, ஏன் விட மாட்றாங்க?"

இதில் எது நியாயம், எது வெறும் எரிச்சல் என்று தெரிய வேண்டுமானால் அந்தக் கேட் எப்படி அங்கே வந்தது என்று தெரிய வேண்டும். கதை கொஞ்சம் பழசு. டீ ஏதாவது எடுத்துக்கொண்டு உட்காருங்கள் :-)

*

இந்தக் காடுகளுக்கு முதன்முதலில் சட்டம் போட்டு "நீ வரலாம், நீ வரக்கூடாது" என்று சொன்னவர்கள் மிருகங்களைக் காப்பாற்றுவதற்காகச் சொல்லவில்லை. வேட்டையைக் காப்பாற்றுவதற்காகச் சொன்னார்கள். நீலகிரியில் வெள்ளைக்காரர்கள் சுட்டுத் தள்ளிய வேகத்தில் வரையாடும் கடமானும் தீர்ந்துபோகும் நிலைமை வந்தது. 1877-ல் அங்கே ஒரு வேட்டைச் சங்கம் ஆரம்பித்தார்கள். இரண்டே வருஷத்தில், 1879-ல், நீலகிரி வேட்டை, மீன் பாதுகாப்புச் சட்டம் வந்தது. லைசென்ஸ் வாங்கித்தான் சுட வேண்டும், குட்டி போடுகிற சீசனில் சுடக்கூடாது. அடுத்த வருஷம் சுடுவதற்கு மிருகம் மிச்சம் இருக்க வேண்டுமே, அந்தக் கணக்குதான். அந்தச் சங்கம் பிற்பாடு பெயர் மாறி, நோக்கமும் மாறி, வனவிலங்குப் பாதுகாப்புச் சங்கமாகி இன்றும் ஊட்டியில் இருக்கிறது.

மைசூர் சமஸ்தானத்திலும் ஏறக்குறைய இதே கதை. 1901-ல் இங்கேயும் வேட்டை, மீன் பாதுகாப்புக்கு ஒரு ரெகுலேஷன் வந்தது. நல்ல காடுகள் மகாராஜாவின் வேட்டைக்கு என்று ஒதுக்கப்பட்டன. வைஸ்ராய் வந்தால் கெட்டா நடக்கும். காட்டு யானைகளைக் கூட்டமாக வளைத்துப் பிடிக்கிற அந்த வித்தையை இந்தப் பக்கத்தில் 1870-களில் சாண்டர்சன் என்ற அதிகாரி சாம்ராஜ்நகர் பக்கம் நடத்திக் காட்டினார். அப்புறம் அது காக்கனகோட்டையில் பெரிய திருவிழா மாதிரி ஆகி, 1971 வரைக்கும் நடந்தது.

அந்தக் காட்டுக்குள்ளேயே இருந்த ஜேனு குறுபர், பெட்ட குறுபர், சோளகர் இவர்களுக்கு லைசென்ஸும் தெரியாது, சீசனும் தெரியாது. யானையின் தடம் பார்த்துச் சொன்னது அவர்கள், கெட்டாவில் விரட்டியது அவர்கள், துரைக்கு மரத்தில் பரண் கட்டியதும் அவர்கள். ஆனால் அவர்களே ஒரு மானைப் பிடித்தால் அதற்குப் பெயர் திருட்டு வேட்டை. கேட்டைப் பற்றிய முதல் மனக்கசப்பு இவர்களுடையது. நம்முடைய வெள்ளிக்கிழமைப் புலம்பல் எல்லாம் அதற்கு ரொம்பப் பின்னால் வந்தது.

1931-ல் பந்திப்பூரில் 90 சதுர கிலோமீட்டரை மைசூர் அரசு சரணாலயமாக அறிவித்தது. 1941-ல் அதைச் சுமார் 800 சதுர கிலோமீட்டராக விரித்து வேணுகோபால வனவிலங்குப் பூங்கா என்று பெயர் வைத்தார்கள். பக்கத்திலேயே ஹிமவத் கோபாலசாமி பெட்டா கோயில் இருக்கிறது, பெயர் அங்கிருந்து வந்தது. எல்லைக்கு இந்தப் பக்கம் மதராஸ் மாகாணத்தில் முதுமலை 1940-லேயே சரணாலயம் ஆகிவிட்டது.

அப்புறம் 1972-ல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம். 1973 ஏப்ரலில் புலிகள் திட்டம். முதலில் எடுத்த ஒன்பது காடுகளில் பந்திப்பூரும் ஒன்று. வேட்டைக்காகப் பூட்டிய காடு அன்றைக்கு முழுக்க வேட்டையை எதிர்த்துப் பூட்டிய காடானது. பூட்டு அதேதான், காரணம் மட்டும் மாறியது. இந்த மாற்றத்தில் உள்ளே இருந்த குடும்பங்கள் பலவற்றை வெளியே கொண்டுவந்து விட்டார்கள். அந்தக் கணக்கு இன்னும் தீரவில்லை. 2025 மே மாதம் நாகரஹொளேயில் ஜேனு குறுபர் குடும்பங்கள் ஐம்பதுக்கு மேல், இது எங்கள் பாட்டன் இடம் என்று சொல்லி, 2006 வன உரிமைச் சட்டத்தைக் கையில் பிடித்துக்கொண்டு திரும்ப உள்ளே போய்க் குடிசை போட்டார்கள். பிளிகிரிரங்கன் மலைச் சோளகர்கள் மட்டும் 2011-லேயே, புலிகள் காப்பகத்துக்குள் இருந்துகொண்டே சமூக உரிமைப் பட்டா வாங்கிவிட்டார்கள்.

*

ரோட்டுக்கு வருவோம். காட்டைப் பூட்டினார்கள், ஆனால் அதன் நடுவே ஓடுகிற ரோட்டைப் பூட்டவில்லை. மாட்டுவண்டி போன தடம்தான் பிறகு கார் ரோடு ஆனது, அப்புறம் நேஷனல் ஹைவே ஆனது. ஊட்டி ரோட்டுக்கு அப்போது எண் 67, இப்போது 181. பத்தேரி ரோடு 212 ஆக இருந்தது, இப்போது 766. சத்தி ரோடு 209 ஆக இருந்து 948 ஆகிவிட்டது. பழைய ஆட்கள் இன்னும் பழைய எண்ணைத்தான் சொல்வார்கள்.

தொண்ணூறுகளில் ராத்திரி இந்தப் பக்கம் போக ஜனங்களே யோசித்தார்கள். காரணம் வீரப்பன். 1997-ல் மைசூரின் வனவிலங்குப் படக்காரர்கள் கிருபாகர், சேனானி இருவரையும் பந்திப்பூர்ப் பக்கத்திலிருந்து தூக்கிக்கொண்டு போய்ப் பதினான்கு நாள் காட்டில் வைத்திருந்தார். 2000 ஜூலையில் ராஜ்குமாரைக் கடத்தியது தாளவாடிக்குப் பக்கத்தில், காஜனூரில். 2004 அக்டோபரில் வீரப்பன் கதை முடிந்தது. அதே சமயத்தில்தான் பெங்களூர், மைசூர் ஐ.டி. சம்பளம், புதுக் கார், வார விடுமுறை எல்லாம் வந்தது. ரோடும் அகலமாகி வழவழவென்று ஆனது. பயம் போய் வேகம் வந்தது என்று சொல்லலாம்.

வேகம் வந்தால் என்ன ஆகும்? ஹெட்லைட் வெளிச்சம் கண்ணில் பட்டால் மான் ஓடாது, அப்படியே நிற்கும். ரோட்டோரத்தில் பார்வை தெரிய வேண்டும் என்று புதரை வெட்டுவார்கள். வெட்டின இடத்தில் இளம்புல் முளைக்கும், அதைத் தின்ன மான்கள் சரியாக ரோட்டோரத்துக்கே வரும். பகல் வெயிலில் சூடான தார் ராத்திரியில் மெதுவாக ஆறும், அந்தச் சூட்டுக்குப் பாம்பு வந்து படுக்கும். கோடையில் யானைக் கூட்டம் தண்ணீர் தேடி கபினிப் பக்கம் நகரும், அதற்கு ரோட்டைத் தாண்டியே ஆக வேண்டும். விடாமல் லாரி போய்க்கொண்டே இருந்தால் குட்டிகளோடு ஓரத்தில் நின்றபடி காத்திருக்கும். பொறுமை போனால் என்ன ஆகும் என்று நமக்கே தெரியும்.

2008-ல் நாகரஹொளே வழியாகப் போகிற மானந்தவாடி ரோட்டை ராத்திரியில் மூடினார்கள். அடுத்தது பந்திப்பூர். இங்கே ஒரு சுவாரசியமான விஷயம். 2009 ஜூன் 3-ம் தேதி ராத்திரி ஒன்பது முதல் காலை ஆறு வரை இரண்டு ஹைவேயையும் மூடி சாம்ராஜ்நகர் டெபுடி கமிஷனர் (நம்ம ஊர்க் கணக்கில் கலெக்டர்) உத்தரவு போட்டபோது, அவர் கையில் எடுத்தது வனவிலங்குச் சட்டம் இல்லை, மோட்டார் வாகனச் சட்டம்! பொதுநலனுக்காக ஒரு ரோட்டில் வண்டிகளைக் கட்டுப்படுத்தலாம் என்கிற 115-வது பிரிவு. பாலம் பழுது என்றால் லாரியைத் திருப்பி விடுகிற அதே அதிகாரம்தான்.

உத்தரவு ஒரு வாரம்கூட நிற்கவில்லை. நாலாப் பக்கமும் நெருக்கடி, ஜூன் 10-ம் தேதி திரும்பப் பெற்றுவிட்டார்கள். ஒரு வக்கீல் கர்நாடக ஹைகோர்ட்டுக்குப் பொதுநல வழக்கோடு போனார். ஜூலை 27-ம் தேதி ஹைகோர்ட் தடையைத் திரும்பக் கொண்டுவந்தது. 2010 மார்ச்சில் இறுதித் தீர்ப்பிலும் அதை உறுதி செய்தது. ஆம்புலன்ஸ், ஃபயர் சர்வீஸுக்கு விலக்கு, குறிப்பிட்ட எண்ணிக்கையில் அரசு பஸ்களுக்கு அனுமதி. கேரளா சுப்ரீம் கோர்ட்டுக்குப் போனது.

இதற்குள் மாற்று வழியாக ஹுன்சூர், கோணிக்கொப்பல், குட்டா ரோட்டைக் கர்நாடகம் சரிசெய்தது. தூரம் அதிகம், ஆனால் ராத்திரி போகலாம். 2018-ல் மத்திய அரசு, காட்டுக்குள் நாலு இடத்தில் ஒவ்வொரு கிலோமீட்டருக்கு மேம்பாலம் கட்டலாம், கீழே மிருகம் போகட்டும், மேலே வண்டி போகட்டும் என்று யோசனை சொன்னது. கர்நாடகம் ஒத்துக்கொள்ளவில்லை. மேம்பாலம் கட்டுகிற வருஷங்களில் காடு என்ன ஆகும் என்பது ஒரு கேள்வி. 2019-ல் சுப்ரீம் கோர்ட், மாற்று ரோட்டையே நேஷனல் ஹைவே ஆக்கிவிட்டு இதைப் பகலிலும் மூடினால் என்ன என்று கேட்டதும் வயநாடு கொதித்தது. பத்தேரியில் உண்ணாவிரதப் பந்தல், அக்டோபர் 4-ம் தேதி அப்போதைய வயநாடு எம்.பி. ராகுல் காந்தியே வந்து உட்கார்ந்தார். ராத்திரித் தடை அப்படியே தொடர்ந்தது.

திம்பத்தின் கதை இன்னும் தாமதம். சத்தியமங்கலம் 2013-ல்தான் புலிகள் காப்பகம் ஆனது. 2019 ஜனவரியில் ஈரோடு கலெக்டர் ராத்திரித் தடைக்கு அறிவிப்பு போட்டார், ஆனால் நடைமுறைக்கு வரவில்லை. மெட்ராஸ் ஹைகோர்ட் சொல்லி 2022 பிப்ரவரி 10-ம் தேதி அமலுக்கு வந்தது. லாரிகளுக்கு சாயங்காலம் ஆறு மணியிலிருந்து, கார்களுக்கு ஒன்பதிலிருந்து. உடனே தாளவாடி மலை கொந்தளித்தது. அவர்களுக்கு நியாயம் இருந்தது. அது தமிழ்நாட்டுத் தாலுகா, ஆனால் மலைக்கு மேலே. தாசில்தார் ஆபீஸைத் தாண்டி எதற்கும் திம்பம் இறங்கித்தான் ஈரோடு போக வேண்டும். முட்டைக்கோஸும் தக்காளியும் சாயங்காலம் அறுத்து ராத்திரி கீழே இறக்கினால்தான் காலை மார்க்கெட். கேட்டை ஆறுக்கு மூடினால் அந்தக் காய் எங்கே போகும்? ஏப்ரலில் கோர்ட் திருத்தியது. உள்ளூர்க்காரர்களுக்கு விலக்கு கொடுத்து, ரொம்பக் கனமான லாரிகளை எந்நேரமும் தடுத்தது. அதாவது புலம்பினார்கள், காரணம் சொன்னார்கள், சட்டம் வளைந்தது. புலம்பல் எல்லாம் வீண் இல்லை.

*

இது நம்ம ஊர்த் தகராறு மட்டும் என்று நினைக்க வேண்டாம். அமெரிக்காவில் ஸ்னோமொபைல் என்று ஒரு வண்டி, பனி மேல் ஓடுகிற மோட்டார் பைக் மாதிரி. யெல்லோஸ்டோன் தேசியப் பூங்காவுக்குள் 1963-ல் முதலில் போக ஆரம்பித்து, தொண்ணூறுகளில் கூட்டம் தாங்கவில்லை. 2002 குளிர்காலத்தில் மேற்கு வாசலில் டிக்கெட் கொடுக்கிற ரேஞ்சர்கள் புகை தாங்காமல் முகத்தில் சுவாசக் கவசம் மாட்டிக்கொண்டு நின்றார்கள். கிளின்டன் அரசு போகிறபோது படிப்படியாகத் தடை என்றது, புஷ் அரசு வந்து மாற்றியது. 2003 டிசம்பரில் வாஷிங்டன் நீதிபதி ஒருவர் தடையைத் திரும்பக் கொண்டுவந்தார், அடுத்த பிப்ரவரியில் வயோமிங் நீதிபதி ஒருவர் அதை நிறுத்தினார். கடைசியில் 2013-ல் ஒரு நாளைக்கு இத்தனை குழுதான் என்று எண்ணிக்கை வைத்து முடித்தார்கள். அங்கேயும் வண்டிக்காரர்கள் சொன்னது இதேதான்: பொது நிலம், எங்கள் பணம், ரேஞ்சருக்கு என்ன அதிகாரம்? ஊர் மாறினாலும் வசனம் மாறுவதில்லை.

எண்ணிக்கை வைத்து முடிக்கிற வழி இப்போது நம் பக்கமும் வந்துவிட்டது. மெட்ராஸ் ஹைகோர்ட் உத்தரவில் 2024 மே 7 முதல் நீலகிரிக்கு இ-பாஸ், 2025 ஏப்ரலில் இருந்து கோடை சீசனுக்கு ஒரு நாளைக்கு 6,000 வண்டி, சனி ஞாயிறு என்றால் 8,000.

*

இப்போது அந்தப் புலம்பல் பட்டியலை எடுத்துப் பார்க்கலாம்.

"நம்ம வரிப்பணம்" என்பது எனக்குச் செல்லுபடியாகத் தோன்றவில்லை. இரண்டு கர்நாடக ரோடு, ஒரு திம்பம், எல்லாம் பதினைந்து மணி நேரம் திறந்துதான் இருக்கிறது. மிச்சம் ஒன்பது மணி நேரத்தை யானைக்குக் கொடுத்தால் குடி முழுகிவிடாது. 2022 கணக்கெடுப்பில் பந்திப்பூரில் 150 புலி, முதுமலையில் 114, சத்தியமங்கலத்தில் 85. மகாராஜா காலத்துப் பூட்டு இன்னும் பூட்டாக இருப்பதால்தான் இது.

"வண்டிய நிறுத்தினதுக்கு ஃபைன்" அதைவிடக் கம்மி நியாயம். 2025 ஆகஸ்டில் பந்திப்பூர் ரோட்டில் இறங்கி யானையோடு படம் எடுக்கப் போய் ஒருத்தர் கீழே விழுந்து, யானை மிதிக்க வந்து, மயிரிழையில் தப்பித்த வீடியோவை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். அவருக்கு 25,000 ரூபாய் அபராதம். உயிரோடு கட்ட முடிந்ததே, அதைச் சொல்லுங்கள்.

"பெரிய ஆளுங்களுக்கு மட்டும்" என்கிற புலம்பலை நான் தள்ள மாட்டேன். கோபாலசாமி பெட்டாவுக்கு நீங்களும் நானும் போனால் அடிவாரத்தில் காரை நிறுத்திவிட்டு அரசு பஸ்ஸில்தான் ஏற வேண்டும். நல்ல விதி. அதே மலையில் 2025 ஏப்ரலில் ஒரு மலையாளப் படத்துக்கு ஷூட்டிங் அனுமதி கொடுத்தார்கள், பெரிய சர்ச்சை ஆனது. ஒரு கூட்டத்துக்குத் திறந்து இன்னொரு கூட்டத்துக்கு மூடினால், அடுத்த முறை விசில் ஊதும் காவலரை யார் மதிப்பார்கள்?

இன்னொன்று. என் டீமில் இருந்த பத்தேரிக்காரர் ஒருவருக்கு ராத்திரி பத்தரைக்கு போன் வந்தது, அப்பா போய்விட்டார் என்று. அரை மணியில் கிளம்பினார். செக்போஸ்டில் இருந்தவர் விஷயத்தைக் கேட்டார், பக்கத்தில் உட்காரச் சொன்னார், பிளாஸ்கில் இருந்து டீ ஊற்றிக் கொடுத்தார், ஆனால் கேட்டைத் திறக்கவில்லை. ஆம்புலன்ஸுக்கு விலக்கு உண்டு, மகனுக்கு இல்லை. குட்டா வழி திரும்பிச் சுற்றினாலும் விடிந்துவிடும். ஆறு மணி வரை காருக்குள் உட்கார்ந்திருந்தார். "அவர் மேல கோபம் இல்லடா, அவர் திறந்தா அவர் வேலை போயிடும். ஆனா யாரையாவது போன்ல கேட்க ஒரு வழி இருந்திருக்கலாம்" என்றார். இதற்கு எனக்கு இன்றுவரை பதில் தெரியாது. சாவு வீட்டுக்குப் போகிறவனுக்கு, ஒரு வண்டிக்கு, முன்னால் ஜீப் ஒன்று மெதுவாகப் போய் வழிகாட்ட, அனுமதி கொடுக்கிற ஒரு அதிகாரி ராத்திரி போனில் இருந்தால் எந்த மானுக்கும் ஒன்றும் ஆகாது. தாளவாடிக்கு வளைந்த சட்டம் இதற்கும் வளையலாம்.

டீ ஊற்றிக் கொடுத்த அந்த மனிதரைப் பற்றியும் சொல்ல வேண்டும். கர்நாடகத்தில் வாட்சர், தமிழ்நாட்டில் வேட்டைத் தடுப்புக் காவலர். பல பேர் தற்காலிக வேலை, சின்னச் சம்பளம். அதில் நிறையப் பேர் குறுபர், சோளகர், இருளர். யாருடைய தாத்தாவை லைசென்ஸ் இல்லை என்று பிடித்தார்களோ, யாருடைய அப்பாவைக் காட்டை விட்டு வெளியே அனுப்பினார்களோ, அவர்கள் வீட்டுப் பையன்தான் இன்றைக்கு கயிற்றைப் பிடித்துக்கொண்டு ராத்திரி முழுக்க நிற்கிறான். காரின் கண்ணாடியை இறக்கி அவனிடம் "யாருக்கிட்ட பேசுறே தெரியுமா" என்று கேட்கிறவர்களை நானே பார்த்திருக்கிறேன். அந்தக் காட்டில் நம்மைவிட அவனுக்கு உரிமை அதிகம் என்பது மட்டும் நமக்கு ஞாபகம் இருந்தால் போதும், பாதிச் சண்டை குறையும்.

கடைசியாக ஒரு உபயோகமான தகவல். மைசூரிலிருந்து ஊட்டி, பத்தேரி போகிறவர்கள் ஏழு மணிக்கு மேல் கிளம்பாதீர்கள், நஞ்சன்கூடு டிராஃபிக்கை நம்ப முடியாது. திம்பம் போகிறவர்கள் ஆறுக்கே கிளம்புங்கள். நீலகிரி என்றால் இ-பாஸ் எடுத்துக்கொள்ளுங்கள், தண்ணீரைச் சின்ன பிளாஸ்டிக் பாட்டிலில் கொண்டு போகாதீர்கள், செக்போஸ்டில் பிடுங்கிவிடுவார்கள். நேரமாகிவிட்டது என்றால் குண்டல்பேட்டையில் ரூம் போட்டுத் தூங்குங்கள். காலை ஆறரைக்கு அந்த ரோட்டில் முதல் ஆளாகப் போவது மாதிரி சுகம் வேறு எதிலும் இல்லை. ரோட்டில் ஈரச் சாணி கிடக்கும். ராத்திரி நமக்குப் பதில் யார் போனார்கள் என்று தெரியும்.